கிறீஸ் பூதமும் மெடூசாவும்

சென்ற தவணை எமது கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்துச் சென்றேன். பண்டைய கிரேக்கரின் கதைகளைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி எழுதிய ஆங்கிலப் புத்தகம். அட்டையில் தலைமயிருக்குப் பதிலாகப் பாம்புகள் நெளியும் ஒரு பெண்ணின் முகம். மன்னார் வீதியால் பூவரசங்குளத்துக்கு வரும் பஸ்ஸில், பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, இது பாடப் புத்தகமே?" என்று கேட்டார். "இல்லை அம்மா, கதைப் புத்தகம்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். ஏழு வயதுத் தங்கச்சி அன்றிரவு லைட்டை அணைக்க விடவில்லை. உம்மும்மா, "இந்தப் படத்த ஊட்டுக்குள்ள வெச்சா மலக்குமார் வருவாங்களா? நாளைக்கே கொண்டு போய்க் குடுத்திடு" என்றார். நான் பழைய பத்திரிகைத் தாளில் அட்டைக்கு உறை போட்டேன். பாதிப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. மீதிப் பாதி, பெண் பிள்ளைகள் படிக்கும் நூலகத்தில் இப்படியான பேய்ப் புத்தகங்கள் எதற்கு என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள் எனத் தெரியவந்தபோது தொடங்கியது.

அது நியாயமான கேள்வி. என் உம்மும்மாவும் கேட்ட கேள்விதான். அதற்கு என் பதில், அந்தப் புத்தகம் அங்கேயே இருக்க வேண்டும் என்பது. பொது அறிவு வளரும் என்று காரணம் சொல்ல மாட்டேன். பொது அறிவுக்கு வேறு புத்தகங்கள் தாராளமாக உண்டு. ஒரு பயம் எப்படிச் செய்யப்படுகிறது, செய்து முடித்த பிறகு அது யாரைத் தப்பவிட்டு யாரை வீட்டுக்குள் பூட்டுகிறது என்பதை அறிய, இந்தக் கதைகளைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் மார்க்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜின்களைப் பற்றி இங்கே நான் பேசவில்லை. அது எமது ஈமானோடு சம்பந்தப்பட்டது. நான் பேசுவது மனிதர் செய்த பூதங்களைப் பற்றி. பாலைவனத்தில் வழிப்போக்கரைத் திசைதிருப்பிக் கொல்லும் 'கூல்' என்ற ஒன்றை இஸ்லாத்துக்கு முன்பே அறபிகள் நம்பினார்கள். கூல் என்று ஒன்றில்லை என நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஜாபிர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. உலமாக்கள் அதற்குப் பலவாறு விளக்கம் தந்துள்ளனர். பூதக் கதையைக் கேட்டவுடன் நம்பிவிடுவது எமது வழியல்ல என்பதற்கு எனக்கு அதுவே போதும்.

பக்தாதில் அப்பாஸியர் காலத்தில் கிரேக்க நூல்கள் அறபுக்கு வந்தபோது அரிஸ்டோட்டில் வந்தார், கலென் வந்தார், யூக்ளிட் வந்தார். கிரேக்கரின் தெய்வக் கதைகளை மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் கதைகளுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை போலும். ஆயிரத்தொரு இரவுகளில் சிந்துபாத்தின் மூன்றாவது பயணத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும்: ஒரு தீவு, ஒரு பெரிய வீடு, மாலுமிகளை ஒவ்வொருவராகச் சுட்டுத் தின்னும் இராட்சதன், அவன் தூங்கும்போது இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் கண்ணில் குத்தித் தப்புவது, கடலில் போகும்போது பின்னாலிருந்து கற்கள் வந்து விழுவது. ஏறக்குறைய இதே கதையைத்தான் ஹோமர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு ஒடிசியில் பாடியிருந்தார். அங்கே இராட்சதனின் பெயர் பொலிபீமஸ். நெற்றியில் ஒரே ஒரு கண் உள்ள சைக்கிளோப்ஸ் இனத்தவன்.

இந்த ஒற்றைக் கண் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கருத்து உண்டு. அதை வன்னியில் பிறந்த எவரும் உடனே விளங்கிக்கொள்வார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்குத்தான் படம் காட்ட வேண்டும்.

நான் ஏழாம் ஆண்டு படிக்கும்போது, ஒரு கடும் கோடையில், குளம் வற்றிய பக்கமாக யானை மண்டையோடு ஒன்று கிடக்கிறது என்று சொல்லி வாப்பா என்னை மோட்டார் சைக்கிளில் கூட்டிச் சென்று காட்டினார். வெயிலில் வெளுத்து, ஒரு பெரிய பாறைபோல இருந்தது. நான் முதலில் பார்த்தது அதன் நெற்றியின் நடுவில் இருந்த பெரிய ஓட்டையை. "வாப்பா, யானைக்குக் கண் நடுவிலயா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, அது தும்பிக்கை தொடங்கும் இடம் என்றும், கண் பக்கத்தில் என்றும் காட்டினார். கண் இருந்த பள்ளங்கள் இரண்டு புறமும் ஒதுங்கி, இருப்பதே தெரியாமல் இருந்தன. யானையை உயிரோடு நூறு தரம் கண்ட எனக்கே அந்தக் கேள்வி வந்தது.

யானையையே காணாத ஒருவன் அந்த மண்டையோட்டைக் கண்டால்? மத்தியதரைக் கடலின் சிசிலித் தீவில், மிகப் பழைய காலத்தில், வளர்ந்தாலும் ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரமே இருந்த குள்ள யானைகள் வாழ்ந்து அழிந்துபோயின. அவற்றின் எலும்புகள் அங்குள்ள குகைகளில் கிடைக்கின்றன. ஒஸ்திரிய நாட்டு ஆய்வாளர் ஒதேனியோ ஆபெல் 1914ஆம் ஆண்டு சொன்னார்: கிரேக்க மாலுமிகள் இந்த மண்டையோடுகளைக் கண்டு, நடுவில் உள்ள மூக்குத் துவாரத்தை ஒற்றைக் கண் என்று நினைத்திருக்கலாம், குகையில் வாழும் ஒற்றைக் கண் இராட்சதன் அப்படித்தான் பிறந்திருக்கலாம் என்று. இதை ஏற்காத ஆய்வாளரும் உண்டு. குளத்து ஓரத்தில் நின்று அதே தவறைச் செய்தவள் என்ற முறையில் நான் ஆபெலின் பக்கம்.

பொலிபீமஸ் கதையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது அவனுடைய குகை. அவனுடைய ஆடுகள், அவனுடைய பாற்கட்டி. ஒடிசியூஸும் ஆட்களும் வீட்டுக்காரன் இல்லாத நேரம் உள்ளே போய், இருந்ததை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, அவன் வரும்வரை இருந்து விருந்தாளிக்குரிய பரிசும் கேட்டார்கள். மனிதரைத் தின்றதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் கதையைச் சொன்னவன் ஒடிசியூஸ் என்பதை மறக்க வேண்டாம். எங்கள் பகுதியில் யானை வயலுக்குள் வந்தால் யானை வெடி கொளுத்துகிறோம். காட்டுக்குள் நாங்கள் வயல் வெட்டிய கதையை யானை எழுதவில்லை. இதைச் சொன்னால் வாப்பா கோபிப்பார், ஏனென்றால் போன வருடம் எங்களுடைய பதினைந்து தென்னம்பிள்ளைகள் ஒரே இரவில் போயின. அவர் கோபமும் நியாயம்தான்.

ஒடிசியூஸின் தந்திரம் ஒன்றைப் பிறகு பேசுவதற்காக இங்கே சொல்லி வைக்கிறேன். பெயர் என்ன என்று பொலிபீமஸ் கேட்டபோது, "என் பெயர் யாருமில்லை" என்றான் அவன். கண்ணைக் குத்தியதும் பொலிபீமஸ் அலறினான். அயலில் இருந்த மற்ற சைக்கிளோப்ஸ்கள் ஓடிவந்து, உன்னைத் தாக்கியது யார் என்று வெளியில் நின்று கேட்டார்கள். "யாருமில்லை!" என்று கத்தினான். யாருமில்லையென்றால் நாங்கள் என்ன செய்வது என்று சொல்லி அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

கிறீத் தீவின் மினோட்டோர் பற்றி அதிகம் எழுத மாட்டேன். காளைத் தலையும் மனித உடலும் கொண்ட அது, வழி தெரியாத சுற்றுச் சுவர்களுக்குள் அடைக்கப்பட்டிருந்தது. போரில் தோற்ற ஏதென்ஸ் நகரம் அதற்கு இரையாக ஏழு பையன்களையும் ஏழு பெண் பிள்ளைகளையும் அனுப்ப வேண்டும். "வீட்டுக்கு ஒருவர்" என்ற சொல்லைக் கேட்டு வாழ்ந்த வன்னித் தாய்மாருக்கு இந்தக் கதைக்கு உரை தேவையில்லை.

இனிப் பெண்களுக்கு வருகிறேன். அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்ததும் கொப்பியில் ஒரு கணக்குப் போட்டேன். கப்பலிலிருந்து ஆட்களைக் கவ்வி எடுக்கும் ஆறு தலை சில்லா, பெண். கடலை விழுங்கித் துப்பும் சரிப்டிஸ், பெண். உணவைப் பறிக்கும் ஹார்ப்பிகள், பாடி மயக்கும் சைரன்கள், பாதிப் பாம்பான எக்கிட்னா, எல்லாம் பெண்கள். தீப்ஸ் நகர வாசலில் இருந்துகொண்டு விடுகதை கேட்டு, விடை தெரியாதவரைக் கொன்ற ஸ்பிங்ஸும் கிரேக்கரிடம் பெண்தான். கேள்வி கேட்ட பெண்ணைப் பூதமாக்கிவிட்டார்கள் என்று என் சிநேகிதி ஒருத்தி சொன்னாள். வகுப்பில் அதிகம் கேள்வி கேட்பவள் அவள், அதனால் அவளுக்குச் சுட்டிருக்கும். கொன்று போடுவது கேள்வி கேட்பதில் சேராது என்று நான் அவளோடு வாதாடினேன், இன்னும் முடியவில்லை.

இவர்கள் எல்லாரிலும் பெயர் பெற்றவள் மெடூசா, எங்கள் வீட்டுத் தூக்கத்தைக் கெடுத்த அட்டைப்படக்காரி. அவளை நேரே பார்த்தவர் கல்லாகிவிடுவார். கிறிஸ்துவுக்கு முன் ஏறத்தாழ 700ஆம் ஆண்டளவில் வாழ்ந்த ஹெசியோட் என்ற புலவர், கோர்கன்கள் என்ற மூன்று சகோதரிகளில் இவள் மட்டுமே மரணம் உள்ளவள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஏன் அப்படி ஆனாள் என்ற கேள்வியே அங்கு இல்லை. பிறகு சுமார் 700 வருடங்கள் கழித்து ஒவிட் என்ற உரோமப் புலவர் ஒரு காரணம் சொல்கிறார். மெடூசா அழகான பெண்ணாக இருந்தாள். அவளுடைய கூந்தல்தான் எல்லாவற்றிலும் அழகு. கடல் தெய்வமான ஒருவன் ஒரு கோயிலுக்குள் வைத்து அவளுக்குக் கொடுமை இழைத்தான். கோயிலின் தேவதைக்குக் கோபம் வந்தது. தண்டனை கொடுத்தாள். யாருக்கு? மெடூசாவுக்கு. அந்தக் கூந்தலைப் பாம்பாக்கினாள். கொடுமை செய்தவன் கடலுக்குத் திரும்பிப் போய்த் தன் வேலையைப் பார்த்தான்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உம்மாவிடம் போனேன். ஏனென்றால் இதே கதையை உம்மா எனக்குச் சொல்லியிருக்கிறார், கிரேக்கம் என்ற பெயரே இல்லாமல்.

எங்கள் குடும்பம் 1990 ஒக்டோபரில் மன்னார்ப் பக்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போன குடும்பம். உம்மும்மா கையில் ஒரு பையோடும் இடுப்பில் என் மாமாவோடும் போனவர். (அதனால்தானோ என்னவோ, அவர் பேய்க்குப் பயந்து நான் பார்த்ததில்லை. அவர் வாழ்க்கையில் பயந்த எதற்கும் கொம்பு இருக்கவில்லை.) 2011ஆம் ஆண்டும் நாங்கள் புத்தளத்தில்தான் இருந்தோம். எனக்கு மூன்று வயது.

அந்த வருடம் ஓகஸ்ட் மாதம், றமழான் காலம், 'கிறீஸ் பூதம்' வந்தது. முன்பெல்லாம் அந்தப் பெயர், பிடித்தால் வழுக்கிப் போவதற்காக உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு வரும் கள்வனுக்கு உரியது. இந்த முறை வந்தது வேறு. இரவில் வீட்டு வளவுக்குள் புகுந்து பெண்களைத் தாக்குகிறது, கீறுகிறது, துரத்தினால் மதில் பாய்ந்து மறைகிறது என்றார்கள். மலையகத்தில் தொடங்கிய பேச்சு கிழக்கு, புத்தளம், மன்னார், வவுனியா, யாழ்ப்பாணம் என்று பரவியது. ஹப்புத்தளைப் பக்கத் தோட்டம் ஒன்றில் இரண்டு பேரைப் பூதம் என்று சந்தேகித்துச் சனம் அடித்துக் கொன்றது. துரத்தப்பட்டவர் படை முகாமுக்குள் ஓடினார் என்று சொல்லிக் கிண்ணியாவில் மக்கள் கடற்படை முகாமோடு மோதினார்கள். நாவாந்துறையில் ஒரே இரவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது. புத்தளத்தில் ஓகஸ்ட் 21ஆம் திகதி இரவு நடந்த கலவரத்தில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கொல்லப்பட்டார். பூதம் என்று எதுவும் இல்லை, வதந்தியை நம்பாதீர்கள் என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

உம்மா சொல்வார்: "முதல்ல தறாவீஹுக்குப் போறத நிப்பாட்டினம். பொறகு ஸஹருக்கு எழும்பி அடுப்படிக்குப் போகவே ரெண்டு பேர் வேணும். உன்ன இடுப்புல வெச்சிக்கிட்டுத்தான் சோறு வடிச்சன். ஆம்புளயள் எல்லாம் பொல்லோட ரோட்டில. நாங்க பூட்டின ஊட்டுக்குள்ள." நோன்பு மாதத்தில் ஊரே இரவில் விழித்திருக்கும், பெண்களுக்கு வெளிக்காற்றுப் படும் மாதமும் அதுதான். அந்த வருடம் அதுவும் இல்லாமல் போனது. உம்மாவின் தையல் வகுப்பு அந்த மாதம் நின்றது. பெருநாளுக்குப் பிறகு பூதத்தைப் பற்றிய பேச்சு ஓய்ந்தது. தையல் வகுப்புக்குப் போகலாம் என்று உம்மாவுக்குச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. இன்றுவரை அவர் அந்தப் பயிற்சியை முடிக்கவில்லை.

பூதம் பொய் என்று எளிதாகச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. காயப்பட்டதாகச் சொன்ன பெண்கள் இருந்தார்கள். அவர்கள் கையில் கீறல் இருந்தது. அதை வதந்தி என்று ஒரு சொல்லில் தள்ளுவது அவர்களுக்கு இரண்டாவது காயம். நான் சொல்வது, அந்தக் கீறலைப் போட்டவனுக்குப் 'பூதம்' என்று பெயர் வைத்த கணமே அவன் தப்பிவிட்டான் என்பது. மனிதன் என்றால் அவனுக்கு முகவரி உண்டு, அடையாள அணிவகுப்பு உண்டு, நீதிமன்றம் உண்டு. பூதத்துக்கு எவர் வழக்குப் போடுவது? தாக்கியது யார் என்று கேட்டால், பொலிபீமஸ் கத்தியதைப்போல, யாருமில்லை. கேட்டவர்களும் திரும்பிப் போய்விடுவார்கள். பிறகு மிஞ்சுவது அந்தப் பெண்ணும் அவளுக்குப் போடும் பூட்டும்தான். மெடூசாவுக்கு நடந்ததும் இதுவே.

இது பழைய கதை என்று நினைக்கும் பெற்றோருக்காக, போன வருட மாரியில் நடந்ததைச் சொல்கிறேன். வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. யாரோ ஓர் ஆண், மூச்சு வாங்கப் பேசுகிறார். பொழுது பட்டதும் வீதியோரம் கறுப்பாக ஓர் உருவம் நிற்கிறதாம், பெண் பிள்ளைகள் கவனமாம். எந்த வீதி, எந்தத் திகதி, பார்த்தது யார், ஒன்றும் இல்லை. அந்தப் பதிவு எங்கள் வீட்டுக்கு மட்டும் ஆறு பேரிடமிருந்து வந்தது. அடுத்த நாளே நாங்கள் போகும் மாலை நேர ரியூசன் வகுப்பு பெண் பிள்ளைகளுக்கு நிறுத்தப்பட்டது. பையன்களுக்கு நடந்தது. ஐந்து கிழமைகள். எந்தப் பாடம் என்று சொன்னால் சிரிப்பீர்கள்: அளவையியலும் விஞ்ஞானமுறையும். எடுகோள் என்றால் என்ன, அதை எப்படிச் சோதிப்பது என்ற அலகைத்தான் நாங்கள் தவறவிட்டோம். பையன்களின் குறிப்புகளை ஒருவருடைய தங்கை மூலம் வாங்கிப் பிரதி எடுத்தேன், கையெழுத்து விளங்கவில்லை. தவணைப் பரீட்சையில் அந்த அலகில் எனக்கு வந்த புள்ளியை இங்கே எழுத மாட்டேன்.

எங்கள் வாப்பாமார் எங்கள்மீது உள்ள அன்பினால்தான் நிறுத்தினார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. உயர்தரப் பரீட்சைக்கு நான் போக வேண்டும் என்று என்னைவிட அதிகம் ஆசைப்படுபவர் என் வாப்பா. ஆனால் அந்த ஐந்து கிழமைகளில் வேறு என்னென்ன செய்திருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து உள் வீதிக்குத் திரும்பும் இடத்தில் லைட் இல்லை. ஊர் கூடி ஒரு மின்குமிழ் போட்டிருக்கலாம். நாளுக்கு ஒரு வாப்பா என்று முறை வைத்து ஏழெட்டுப் பிள்ளைகளை நிறுத்தத்திலிருந்து கூட்டி வந்திருக்கலாம். வகுப்பை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளக் கேட்டிருக்கலாம். குரல் பதிவை அனுப்பியவரிடம், உங்களுக்கு அனுப்பியது யார் என்று திருப்பிக் கேட்டுக்கொண்டே போயிருந்தால் நாலாவது ஆளோடு நின்றிருக்கும். இதில் ஒன்றும் நடக்கவில்லை. கறுப்பு உருவத்துக்கும் எதுவும் நடக்கவில்லை. அந்த இடத்தில் இன்னும் லைட் இல்லை. உண்மையிலேயே ஒருவன் அங்கு நின்றிருந்தால், அவனுக்கு நாங்கள் செய்த ஒரே உபகாரம் அந்த இருட்டை அப்படியே விட்டு வைத்ததுதான்.

பூதத்தை வைத்து மனிதர் வேறு பிரயோசனமும் எடுத்திருக்கிறார்கள். பேர்சியூஸ் மெடூசாவின் தலையைத் தூக்கத்தில் வெட்டிய பிறகு, அந்தத் தலை அதீனா தேவதையின் கேடயத்தில் போய்ப் பொருந்தியது. கிரேக்கர் கோயில் முகப்பிலும் வீட்டிலும் கோர்கன் முகத்தைச் செதுக்கி வைத்தார்கள், தீமை அண்டாமல் இருக்க. கட்டி முடியாத வீடுகளின் முன்னால் வைக்கோல் பொம்மையைக் கட்டித் தொங்கவிடும் எங்கள் ஊருக்கு இது புதினமல்ல. அம்பலாங்கொடையில் செதுக்கும் நாகராக்ஷ முகமூடியைப் பாருங்கள்: பிதுங்கிய கண், நீட்டிய நாக்கு, தலை நிறைய நாக பாம்பு. மெடூசாவின் ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம். அதையும் கண்ணூறு படாமல் இருக்க வீட்டில் மாட்டுகிறார்கள். இஸ்தான்புல் நகரில் ஆறாம் நூற்றாண்டில் கட்டிய நிலத்தடி நீர்த்தொட்டியில் இரண்டு மெடூசாத் தலைகள் தூண்களுக்கு அடியில் கிடக்கின்றன. ஒன்று தலைகீழாக, மற்றது பக்கவாட்டாக. ஊரையே கல்லாக்கிய முகம் கடைசியில் தூணுக்கு முட்டுக்கொடுக்கும் கல்லாகிப்போனது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது வானத்தில் இருக்கும் மெடூசா. ஏறத்தாழ 964ஆம் ஆண்டில் பாரசீகத்து வானியலாளர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி நட்சத்திரங்களைப் பற்றி ஒரு படப் புத்தகம் எழுதினார். கிரேக்கர் பேர்சியூஸ் என்ற நட்சத்திரக் கூட்டத்தை அவர், கூலின் தலையைச் சுமப்பவன் என்று குறித்தார். ஆம், அதே கூல். மெடூசாவின் தலை இருக்கும் இடத்தில் உள்ள நட்சத்திரம் 'றஃஸுல் கூல்', கூலின் தலை. அந்த அறபுப் பெயர்தான் இன்று உலகம் முழுவதும் அல்கோல் என்று வழங்குகிறது.

அந்த நட்சத்திரம் ஒரு விசித்திரம் செய்கிறது. இரண்டு நாள், 20 மணித்தியாலம், 49 நிமிடத்துக்கு ஒரு தடவை அதன் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கி, சில மணித்தியாலங்களில் பழையபடி ஏறுகிறது. பூதம் கண் சிமிட்டுவதுபோல. 1783இல் இங்கிலாந்தின் யோர்க் நகரில் ஜோன் குட்ரிக் என்ற பையன் இரவிரவாக அதைப் பார்த்துக் குறித்து, இந்தக் கால இடைவெளியைக் கணக்கிட்டு, ஏதோ ஒரு பெரிய பொருள் அந்த நட்சத்திரத்தைச் சுற்றி வந்து முன்னால் மறைக்கிறதாக இருக்கலாம் என்று எழுதினான். அவனுக்கு அப்போது 18 வயது. சிறு வயதிலிருந்தே காது கேளாதவன். மங்கலான இன்னொரு நட்சத்திரம் முன்னால் குறுக்கே போவதுதான் காரணம் என்பது நூறு வருடங்களுக்குப் பிறகு உறுதியானது. பூதத்தின் கண்ணை நேரே, திரும்பத் திரும்ப, கடிகாரத்தோடு பார்த்தவன் அவன். கல்லாகவில்லை. என்னைவிட ஒரு வயதுதான் கூட. இரவில் வெளியே நிற்க அவனுக்கு யாரும் தடை போட்டதாகவும் தெரியவில்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், உறையோடு. அடுத்து எடுப்பவருக்கும் வீட்டில் உம்மும்மா இருக்கக்கூடும். அல்கோல் எங்கள் வானத்திலும் தெரியும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் இஷா தொழுதுவிட்டு முற்றத்தில் வடக்குப் பார்த்து நின்றால் உயரத்தில் இருக்கும். அது மங்கும் இரவுகளைக் கணக்குப் பார்த்துக் கலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன். முதல் வட்டத்தன்று மழை. இரண்டாவதுக்குத் தங்கச்சி என்னோடு நிற்கப்போகிறாளாம், போர்வையோடு. உம்மும்மாவும் கதிரை கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார், யானை வராவிட்டால்.